குப்பை ஸ்டேஷன்ல எடை ஸ்லிப், கேட் புக், சாஃப்ட்வேர்: டர்பன்ல பல வருஷம் யூஸ் பண்ணி பாத்த அனுபவம்

மொபைலுக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, குப்பை லாரி கணக்கு வெக்கிற சிஸ்டத்துக்கு ஒருத்தரும் எழுதுனதா தெரியல, சரி நாமளே எழுதுவோம்னு உக்காந்துட்டேன். நான் வேலை பாக்கறது தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல ஒரு தனியார் வேஸ்ட் டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன். சின்ன லாரி, குப்பைய அமுக்கி ஏத்தற காம்பாக்டர், பக்கி (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) எல்லாம் வந்து ஷெட்டுக்குள்ள தரையில கொட்டும், லோடர் அதை வாரி பெரிய டிரெய்லர்ல ஏத்தும், டிரெய்லர் லேண்ட்ஃபில்லுக்கு, அதாவது குப்பைய கொட்டி மூடற கிடங்குக்குப் போகும், அவ்ளோதான் தொழில். முன்னெல்லாம் ஊருக்கு நடுவுலயே, கிளேர் எஸ்டேட்ல நம்மாளுங்க வீட்டு வாசல்லயே பிசாசார் ரோடு கிடங்கு இருந்துச்சு, 1980ல ஆரம்பிச்சது. அது நிரம்பி ஓரங்கட்டுன பிறகு வடக்க வெருலம் தாண்டி பஃபல்ஸ்ட்ராய், தெக்க லோவுன்னு தூரமாகிடுச்சு, அந்த தூரத்துக்கு சின்ன லாரி ஓடுனா டீசல் கட்டுப்படி ஆகாது, அதான் நடுவுல எங்கள மாதிரி ஸ்டேஷன்.

என் வேலை குப்பை அள்றது இல்ல, எழுதறது. என்ன வந்துச்சு, யார் கொண்டாந்தா, எவ்ளோ வெயிட், எங்க போச்சு, இதுக்கு ரெக்கார்ட் வெக்கணும், இன்ஸ்பெக்ஷன் வந்தா ஃபைலோட முன்னாடி நிக்கணும்.

தென்னாப்பிரிக்காவுல இதுக்கு அடிப்படை 2008ஆம் வருஷத்து வேஸ்ட் ஆக்ட், 59ஆம் நம்பர் சட்டம். அதுக்குக் கீழ 2012ல வேஸ்ட் இன்ஃபர்மேஷன் ரெகுலேஷன் வந்து 2013 ஜனவரில இருந்து அமலாச்சு, அதே 2013 நவம்பர்ல ஸ்டோரேஜுக்குன்னு தனியா நார்ம்ஸ் வந்துச்சு. 100 கன மீட்டருக்கு மேல சாதாரண குப்பை, இல்ல 80 கன மீட்டருக்கு மேல ஆபத்தான கழிவு தொடர்ச்சியா வெக்கற கொள்ளளவு உள்ள இடம்னா அந்த நார்ம்ஸ்படி பதிவு பண்ணணும், கணக்கு வெக்கணும். சட்டத்த மீறுனா பெரிய குத்தங்களுக்கு 1 கோடி ராண்ட் வரைக்கும் அபராதம், இல்ல 10 வருஷம் ஜெயில், இல்ல ரெண்டும். இத முதல்ல படிச்ச அன்னிக்கு எங்க ஓனர் மூஞ்சிய பாக்கணுமே.

இனி ரிவ்யூ. மொதல்ல வெயிட்பிரிட்ஜ், அதாவது லாரி எடை மேடையோட சாஃப்ட்வேர். பேரு சொல்லல, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஜாதிதான். லாரி மேல ஏறும், நம்பர் அடிப்போம், கஸ்டமர், குப்பை வகை செலக்ட் பண்ணுவோம், கிராஸ் வெயிட் விழும், கொட்டிட்டு வந்து திரும்ப ஏறுனா டேர் வெயிட், கழிச்சா நெட், ஸ்லிப் பிரிண்ட் ஆகும். நல்லாத்தான் வேலை செய்யுது, பில் போடறதுக்கு அருமை, மாசக் கடைசில ஒரே கிளிக்ல ரிப்போர்ட். ஆனா இது பில்லுக்காக செஞ்ச சாமான், இன்ஸ்பெக்ஷனுக்காக செஞ்சது இல்லங்கறது போகப் போகத்தான் உறைக்கும்.

உதாரணத்துக்கு ஸ்டோர்டு டேர். தெனமும் வர்ற லாரி ரெண்டாவது தடவ எடை மேடை ஏற வேணாம், காலி வெயிட்ட சிஸ்டமே ஞாபகம் வெச்சுக்கும்னு ஒரு வசதி இருக்கு, க்யூ நீளமா நிக்கறப்ப டிரைவருங்களுக்கு அது வரம். ஆனா ஒரு காம்பாக்டருக்கு காலி வெயிட் 14,200 கிலோன்னு பதிஞ்சு வெச்சிருக்கோம்னு வைங்க, நடுவுல அவங்க ஒர்க்‌ஷாப்ல குப்பைத் தொட்டிய தூக்கற புது பின் லிஃப்டர் மாட்டி நெசமான காலி வெயிட் 14,620 ஆயிடுச்சு, யாரும் சொல்லல. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் 420 கிலோ இல்லாத குப்பை கணக்குல ஏறும், நாளைக்கு 4 ட்ரிப்னா 1,680 கிலோ, 60 வேலை நாள்ல 100 டன் தாண்டிடும். பேப்பர்ல மட்டும் இருக்கற குப்பை! கஸ்டமரும் சும்மா காசு கட்டறான், வெளிய போன டிரெய்லர் கணக்கும் இடிக்கும். அதனால நாங்க இப்ப ஸ்டோர்டு டேர் வெச்சிருந்தாலும் வாரம் ஒரு தடவ காலியா ஏத்திப் பாத்து புதுசா பதியறோம். வெண்டர்கிட்ட, டேர் பழசாச்சுன்னா ஒரு வார்னிங் வர்ற மாதிரி பண்ணித் தாங்கன்னு கேட்டோம், அடுத்த வெர்ஷன்ல வரும்னாங்க, வரும் வரும்.

எடை மேடைக்கும் சட்டம் இருக்கு, 2014ஆம் வருஷத்து லீகல் மெட்ராலஜி ஆக்ட். காசு வாங்கறதுக்கு எடை போடற மெஷின்னா வெரிஃபிகேஷன் பண்ணி சீல் வெச்சிருக்கணும், சர்டிஃபிகேட் ஃபைல்ல இருக்கணும். சீல் உடைஞ்ச மேடையில போட்ட ஸ்லிப்புக்கு எந்த மதிப்பும் இல்ல.

அடுத்து கரன்ட். 2022, 23ல லோட் ஷெட்டிங், அதாவது முறை வெச்சு கரன்ட் நிறுத்தறது, ஸ்டேஜ் 6 வரைக்கும் ஓடுன காலத்த இங்க இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு வாட்டி போகும். யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்பறம் ஸ்க்ரீன் கறுப்பு, வெளிய லாரி க்யூ. அப்ப காப்பாத்துனது கார்பன் வெச்ச கேட் புக்தான், கேட்ல வர்ற லாரிய கையால எழுதற நோட்டு, மூணு காப்பி, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சது. எங்க சூப்பர்வைசர் அண்ணன் சாட்ஸ்வொர்த்காரர், நாலு தலைமுறையா இங்கயே, தமிழ் பாட்டிகிட்ட கத்துக்கிட்டது, அவர் அடிக்கடி சொல்வார் "தம்பி, மொதல்ல புக்ல எழுது, அப்பறம் பூம் தூக்கு"ன்னு (பூம்னா கேட் தடுப்புக் கம்பி). சாஃப்ட்வேர்ல ஒரு வில்லங்கம் என்னன்னா கரன்ட் வந்தபிறகு என்ட்ரி போட்டா அந்த நேரத்தத்தான் அது ஸ்டாம்ப் பண்ணும், காலைல 6.10க்கு வந்த லாரி 10.40க்கு வந்ததா காட்டும், பின்னாடி பாக்கறவனுக்கு ஒரே நிமிஷத்துல பத்து லாரி வந்த மாதிரி தெரியும், சந்தேகம் வராம என்ன பண்ணும். அதனால ரிமார்க் கட்டத்துல கேட் புக் நம்பர எழுதிடுவோம். 2024 மார்ச்சுக்கு அப்பறம் கரன்ட் பிரச்சனை பெருமளவு அடங்கிடுச்சு, ஆனா புக்க நாங்க நிறுத்தல, நிறுத்தவும் மாட்டோம்.

இன்ஸ்பெக்ஷனப் பத்தி சொன்னாதான் ஏன்னு புரியும். இங்க என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்பெக்டர்னு ஒரு பதவி, ஜனங்க கிரீன் ஸ்கார்பியன்ஸ்னு கூப்பிடுவாங்க, நேஷனல், மாகாணம், முனிசிபாலிட்டின்னு மூணு மட்டத்துலயும் இருக்காங்க. வழக்கமான சோதனைக்கு வாரன்ட் தேவையில்ல, ஐடி கார்ட காட்டிட்டு உள்ள வரலாம், ரெக்கார்ட் கேக்கலாம், காப்பி எடுக்கலாம், போட்டோ எடுக்கலாம். நான் ஆரம்பத்துல நெனச்சது மாசக் கணக்கு டோட்டல் கேப்பாங்க, கிராஃப் கேப்பாங்கன்னு, கலர் கலரா எக்செல் போட்டு வெச்சிருந்தேன். அதெல்லாம் யாரும் திரும்பிக்கூட பாக்கல. வந்த இன்ஸ்பெக்டர் அம்மா பண்ணது இதுதான்: ஸ்லிப் ஃபைல நடுவுல பிரிச்சு ஒண்ணே ஒண்ண உருவி, "இந்த லோட் எங்க போச்சு, காட்டுங்க".

அங்கதான் ஆட்டமே. அந்த ஸ்லிப்புக்கு கேட் புக்ல வரி இருக்கா, நேரம் ஒத்து வருதா, அன்னிக்கு ஷெட்ல இருந்து போன டிரெய்லர் எது, அதோட அவுட் ஸ்லிப் எங்க, லேண்ட்ஃபில்ல போட்ட எடை ஸ்லிப் எங்க, அது அரசுக்கு அனுப்பற காலாண்டு ரிப்போர்ட்ல எந்த வரில சேந்துச்சு. அஞ்சு பேப்பர், அஞ்சு பேரு எழுதுனது, ஒரே கதைய சொல்லணும். சாஃப்ட்வேர் மட்டும் வெச்சிருந்தா எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து வந்த பேப்பர், யாரு வேணா நேத்து ராத்திரி உக்காந்து தட்டியிருக்கலாம். கேட்ல மழைல நனைஞ்ச கையோட எழுதுன புக்க அப்படி சொல்ல முடியாது. பல வருஷம் யூஸ் பண்ணி எனக்கு வந்த ஒரே கருத்து இதுதான், கம்ப்யூட்டர் கூட்டறதுக்கு, புக் சாட்சிக்கு.

உள்ள வந்த டன்னும் வெளிய போன டன்னும் என்னிக்குமே சமமா வராது. மழை பேஞ்சா நனைஞ்ச குப்பை கனம் கூடும், வெயில்ல காஞ்சா குறையும், தண்ணி வடிஞ்சு சம்ப்புக்குப் போகும், அட்டை பிளாஸ்டிக் பிரிச்சு எடுத்து வித்துடுவோம், மாசக் கடைசில தரையில கொஞ்சம் மிச்சம் கெடக்கும். வித்தியாசம் இருக்கறது தப்பில்ல, ஏன்னு ஒரு வரி எழுதாம இருக்கறதுதான் வம்பு. சொல்லப்போனா ரெண்டும் அட்சர சுத்தமா ஒத்து வந்தா எனக்கே டவுட் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தப்போ சேறும் சகதியுமா வந்த லோடெல்லாம் பாத்தா, வழக்கமான குப்பையோட சேத்து கணக்குப் போட்டா அந்த காலாண்டே கோணலாத் தெரியும், அதத் தனி கஸ்டமர் கோட்ல பிரிச்சு வெச்சதுதான் பின்னாடி பதில் சொல்ல உதவுச்சு.

ரிப்போர்ட் போறது சாவிஸ்னு நாட்டோட வேஸ்ட் தகவல் சிஸ்டத்துக்கு, காலாண்டுக்கு ஒரு தடவ, டன் கணக்குல. வகைக்கு ஒரு கோட்: ஜிடபிள்யூ 01 முனிசிபல் குப்பை, 20 மக்கும் குப்பை, 30 கட்டட இடிபாடு, 50 பேப்பர், 51 பிளாஸ்டிக், இப்படிப் போகுது. டைப் பண்றது ஒரு வேலையே இல்ல, கேட்லயே எது எந்த கோட்னு முடிவு பண்றதுதான் தலைவலி. டிரைவர் கார்டன் வேஸ்ட்னு சொல்வான், ரேட் கம்மி, மேல நாலு மாமரக் கிளை இருக்கும், கொட்டுனா அடியில செங்கல்லும் டாய்லெட் பேசினும் வரும். அதனால கேட்ல சொன்ன வகைய பென்சில்லயும் தரையில நிக்கற ஸ்பாட்டர் பாத்து சொன்ன வகைய பேனாவுலயும் எழுதறோம், ஸ்பாட்டர் கையெழுத்து கட்டாயம்.

திருப்பி அனுப்புன லோடுக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு, அத நெறைய ஸ்டேஷன்ல சும்மா வெத்தா வெச்சிருப்பாங்க, பாக்கறதுக்கு நல்லா சுத்தமா இருக்கும், இன்ஸ்பெக்டருக்கு அதுதான் உறுத்தும். குப்பை தொழில்ல ஒரு வருஷத்துல ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூட வரலன்னு சொன்னா யாரு நம்புவா. ஊசி, பெயின்ட் டிரம், எண்ணெய் எல்லாம் வரத்தான் செய்யும். 2019 ஆகஸ்ட்ல இருந்து திரவக் கழிவு லேண்ட்ஃபில்லுக்குப் போகக் கூடாது, 2021 ஆகஸ்ட்ல இருந்து எலக்ட்ரானிக் சாமானும் கூடாது, அங்க திருப்பி விட்டா டிரெய்லரோட நம்ம தலைலதான் விழும், அதனால இங்கயே பிடிச்சு, எழுதி, யார் கொண்டாந்தா எங்க அனுப்புனோம்னு போட்டு, டிஸ்போசல் சர்டிஃபிகேட்ட பின் பண்ணி வெக்கறோம். பழைய போன் பேட்டரி தரையில நசுங்கி தீப்பிடிக்கறது வேற இருக்கு. பெரிய சம்பவம்னா உடனே தகவல் சொல்லணும், 14 நாளுக்குள்ள முழு ரிப்போர்ட் போகணும், அப்ப சம்பவ டைரில நேரத்தோட எழுதி வெச்சிருந்தாதான் ரிப்போர்ட்டே எழுத முடியும்.

வாட்ஸாப் போட்டோவ பத்தியும் கேப்பீங்க. ஸ்பாட்டர் போட்டோ எடுத்து குரூப்ல போடறது வேகம், ஆனா போன் மாறுனா போச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட போட்டோவ தேடிப் பாருங்க தெரியும். அதுல டிரைவரோட ஐடி கார்டெல்லாம் விழுந்தா போபியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வேற வரும், 2021 ஜூலைல இருந்து அது முழுசா அமல்ல இருக்கு. தெனமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் ஃபோல்டர்ல ஸ்லிப் நம்பர பேரா வெச்சு போட்டுட்டு போன்ல இருந்து அழிக்கறோம். போர் அடிக்கற வேலைதான்.

பேப்பர் விஷயம் ஒண்ணு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஸ்லிப் பிரிண்டர் வாங்கறப்ப தெர்மல் ரோல் சீப்னு வாங்காதீங்க. கழிவு ரெக்கார்ட் 5 வருஷம் வெக்கணும், நம்ம டர்பன் புழுக்கத்துல தெர்மல் பேப்பர் ஒரு ரெண்டு கோடைக்கு மேல நிக்கறதில்ல, எழுத்து மங்கி வெள்ளைப் பேப்பர் ஆயிடும். டாட் மேட்ரிக்ஸ் கர்ர்னு கத்தும், ரிப்பன் தேடி அலையணும், இருந்தாலும் அதுதான். கேன்சல் ஆன ஸ்லிப்பையும் கிழிச்சுப் போடாம குறுக்க கோடு போட்டு வரிசையிலயே வைங்க, நம்பர் ஒண்ணு விட்டுப்போனா அத பத்தித்தான் அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

மத்தபடி பூச்சி மருந்து அடிச்ச ரசீது, தீயணைப்பான் டேக், ட்ரெய்னிங் கையெழுத்து இதெல்லாம் ஒரு ஆர்ச் ஃபைல்ல போட்டா முடிஞ்சுது, ட்ரெய்னிங்க மட்டும் ஜூலு மொழியிலயே நடத்துங்க, ஆளுங்களுக்கு புரியாத இங்கிலீஷ்ல நடத்தி கையெழுத்து வாங்கி என்ன பிரயோஜனம், இன்ஸ்பெக்டர் நேரா ஸ்பாட்டர்கிட்டயே போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தா என்ன பண்ணுவன்னு கேக்கறாங்க.

யாருக்கு எதுன்னா, பக்கியும் ஸ்கிப்பும் (பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி) மட்டும் வர்ற சின்ன இடம்னா நம்பர் அச்சடிச்ச கார்பன் புக்கும் ஒரு எக்செல்லும் போதும், சாஃப்ட்வேருக்கு காசு கொட்ட வேணாம். டிரெய்லர் ஓடற இடம்னா சாஃப்ட்வேர் இல்லாம முடியாது, ஆனா டெமோ காட்ட வர்றவங்ககிட்ட கிராஃப் டாஷ்போர்டெல்லாம் பாத்து மயங்காம மூணு கேள்வி கேளுங்க: டேர் பழசானா சொல்லுமா, கரன்ட் போனப்ப வந்த லாரிக்கு நெசமான நேரத்த தனியா பதிய முடியுமா, போட்ட ஸ்லிப்ப அடையாளமே இல்லாம டெலீட் பண்ண முடியுமா. மூணாவதுக்கு "ஓ, ஈஸியா பண்ணலாம் சார்"னு பெருமையா சொன்னாங்கன்னா டீ குடுத்து அனுப்பி வெச்சிடுங்க.