எட்டு மாதமாக ஒரு டைமர் செயலி: மான் வந்ததும் பதிவில் இருக்கிறது

திருகோணமலையில், கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் படலையடியில் வந்து நின்றார். "அக்கா, உங்கட ஜிமெயில் முகவரி வேணும்." பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர், செயலியை வெளியிடுமுன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டுமாம். கணக்குக்கு 25 டொலர் கட்டியாயிற்று, ஆள்தான் குறைவு. அவர் எழுதியது, வேலை நேரத்தை அளக்கும் ஒரு டைமர் செயலி. எங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்தோம். மற்ற மூவரும் பதினைந்தாம் நாளே அழித்துவிட்டார்கள். நான் மட்டும் எட்டு மாதமாக வைத்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. நாளுக்கு ஆறு மணித்தியாலம் வேலை செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். முதல் கிழமை செயலி காட்டியது இரண்டே முக்கால்.

செயலியின் முறை பழையது. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியப் பல்கலைக்கழக மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்தாரே, அதேதான்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு. இதைச் செய்ய எத்தனையோ செயலிகள் உண்டு. தம்பியின் செயலி, சுற்றை இடையில் நிறுத்தினால் "ஏன் எழும்பினீங்கள்?" என்று கேட்கும். ஒரு சொல்லாவது எழுதாமல் விடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் மாதப் பட்டியலைப் பார்த்தேன். பாண் ஓட்டோ. கரண்ட். அம்மா. மீன். மான். ஆம், மானேதான். கோட்டைப் பக்கமிருந்து தெருவுக்கு வரும் புள்ளிமான்கள், படலை திறந்து கிடந்தால் பயற்றங்கொடியை விட்டுவைக்காது. ஆனால் மான் மூன்று தரம்தான். "போன்" 41 தரம்! எல்லாம் என் கையால் எழுதியது, யாரோடு சண்டை பிடிப்பது?

அதிலிருந்து போனை அலுமாரி மேல் கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன். அங்கேதான் பிழை பிடிபட்டது. திரை அணைந்து கிடந்தபோது 25 நிமிடச் சுற்று 40 நிமிடம் ஓடியது. மணி அடிக்கட்டும் என்று இருந்ததில் சோறு அடிப்பிடித்தது. நேரத்தைச் செக்கன் செக்கனாகக் குறைத்து வரும்படி தம்பி எழுதியிருந்தாராம். ஆண்ட்ரொய்ட் 6 இலிருந்து, சும்மா கிடக்கும் போன், பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். எண்ணுவதும் நின்றுவிடும். "எண்ணக்கூடாதக்கா, தொடங்கின நேரத்தைக் குறிச்சு வச்சு, இப்பத்தைய நேரத்தில இருந்து கழிக்க வேணும். இது விளங்கவே எனக்கு ஒரு கிழமை போச்சு."

சரி, கணக்கு நேரானது. மணி அடிப்பது மட்டும் இன்னும் பிந்தியது. என் போனில் உள்ளது ஆண்ட்ரொய்ட் 14. அதில் துல்லியமான அலாரத்துக்கான அனுமதி தானாகக் கிடைக்காது, அமைப்புகளுக்குள் போய் நாமே கொடுக்க வேண்டும். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிறது.

எனக்குப் பெரிய மனவருத்தம் ஐந்தாம் மாதத்தில். போன் மாற்றினேன், பதிவெல்லாம் போய்விட்டது. லொகின் இல்லை, இணையம் வேண்டாம், எல்லாம் போனுக்குள்ளேயே என்பது எனக்குப் பிடித்த விஷயம். கரண்ட் போய் வைஃபை நின்றாலும் டைமர் நிற்காது. அதற்காக ஒரு பிரதி எடுக்கக்கூட வழி வைக்காமல் விடுவதா? இரண்டு நாள் தம்பியோடு கதைக்கவில்லை. இப்போது பதிவைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையாகத் திறக்கக்கூடிய கோப்பாக, எடுக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைக்கிறேன்.

கிழமை முடிவில் வரும் வட்ட வரைபடம் வடிவாக இருக்கிறது, பயன் ஒன்றும் இல்லை. தொடர்நாள் எண்ணிக்கை அதைவிட மோசம். கோணேசர் கோயில் தேருக்குப் போய்வந்த அன்று "தொடர் முறிந்தது" என்று சிவப்பில் காட்டியது. தூக்கிவிடச் சொன்னேன். தம்பிக்கு மனமில்லை, அணைக்க ஒரு பொத்தான் வைத்துத் தந்தார்.

இப்போது சராசரி நாலு மணித்தியாலம். ஐபோனுக்கும் வேண்டும் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கு ஆண்டுக்கு 99 டொலர், அதோடு ஒரு மக் கணினியும் வேண்டுமாம். "கம்பஸ் முடியட்டும் அக்கா" என்கிறார்.