கேலக்ஸி ஏ55-ஆ, பிக்சல் 8ஏ-வா: 13,000 ரூபாய் எதற்குப் போகிறது?

சாம்சங் கேலக்ஸி ஏ55 2024 மார்ச்சில் வந்தது, கூகுள் பிக்சல் 8ஏ அதே ஆண்டு மே மாதம். 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் மாடலுக்கு இந்தியாவில் அறிமுக விலை முறையே 39,999 ரூபாயும் 52,999 ரூபாயும். இன்றைக்குத் தள்ளுபடியிலோ பழைய போனாகவோ வாங்குகிறவர்களுக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம்.

கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் ஏ55தான் விலை கூடிய போன் என்று தோன்றும். 6.6 அங்குலத் திரை, முன்னும் பின்னும் கண்ணாடி. பிக்சலில் திரை 6.1 அங்குலம், சுற்றிலும் தடித்த கறுப்பு ஓரம், பின்பக்கம் பிளாஸ்டிக். அந்த முதல் பார்வையை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

கூடுதல் பணம் பெரும்பாலும் கேமராவுக்குத்தான் போகிறது. நல்ல வெயிலில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏ55-ன் நிறங்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தையை எடுத்துப் பாருங்கள், அங்கேதான் ஏ55 தடுமாறும். வெளிச்சம் குறைந்தால் அது ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் நேரம் நீளும், அதற்குள் குழந்தையின் கையும் முகமும் கலங்கிவிடும். பிக்சல் அடுத்தடுத்துப் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் முகம் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். மாநிறத்தையும் கறுப்புத் தோலையும் வெளுப்பாக்காமல் இருக்கிறபடியே காட்டுவதும் பிக்சல்தான். நம்மூர் முகங்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. வீடியோவில் பிக்சலின் முதன்மைக் கேமரா 4கே-யில் வினாடிக்கு 60 ஃபிரேம் வரை போகும், ஏ55 4கே 30-ஓடு நின்றுவிடும். ஏ55-ல் உள்ள 5 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

அன்றாடப் பாட்டில் ஏ55 முந்துகிறது. அதன் பேட்டரி 5,000 எம்ஏஎச், பிக்சலுடையது 4,492. எண்ணிக்கையைவிட முக்கியம், பிக்சலின் டென்சர் ஜி3 சிப் சூடாகும் விதம். மொபைல் டேட்டாவில் மேப் ஓட, மதிய வெயிலில் வண்டியின் ஹோல்டரில் மாட்டி வைத்தால், போன் சுட்டுத் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாள் முழுக்க டெலிவரிக்கோ ஹாட்ஸ்பாட்டுக்கோ போன் வேண்டுமென்றால் பிக்சல் சரிப்படாது.

இரண்டு பெட்டியிலும் சார்ஜர் கிடையாது. ஏ55-க்கு 25 வாட் வேகம் வேண்டுமானால் சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் ‘பிபிஎஸ்’ (PPS, போனின் தேவைக்கேற்ப வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் முறை) என்று இருக்க வேண்டும், இரு முனையும் டைப்-சி ஆன கேபிளும் வேண்டும். சாம்சங்கின் 25 வாட் சார்ஜரில் 9 வோல்ட் 2.77 ஆம்பியர் என்றும், அதன் கீழே பிபிஎஸ் 3.3–11 வோல்ட் 2.25 ஆம்பியர் என்றும் அச்சிட்டிருக்கும். வீட்டில் கிடக்கும் வேறு கம்பெனி 67 வாட் சார்ஜரைச் செருகினாலும், அதில் பிபிஎஸ் இல்லாவிட்டால் ஏ55 அதிகபட்சம் 15 வாட்தான் வாங்கும். பிக்சலுக்கு யூஎஸ்பி பிடி (PD, டைப்-சி வழியாக வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பொது முறை) உள்ள எந்த நல்ல சார்ஜரும் போதும். ஆனால் உச்சமே 18 வாட், முழுதாக ஏற இரண்டு மணி நேரத்தை நெருங்கும். ஏ55 ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிக்சலில் 7.5 வாட் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, ஏ55-ல் இல்லை.

சிம் விஷயத்தைப் பலரும் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். பிக்சலின் ட்ரேயில் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம். இரண்டாவது எண் இ-சிம்மாகத்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாகத்தான் இருக்க முடியும். போன் உடைந்து போனால் அட்டையைக் கழற்றி வேறு போனில் போடுவதுபோல் அதைச் செய்ய முடியாது. சிம் கம்பெனியிடம் மறுபடி கேட்டு மாற்ற வேண்டும். வங்கி ஓடிபி வரும் எண்ணை இ-சிம் ஆக்காமல் அட்டையிலேயே வைத்திருப்பது நல்லது. ஏ55-ன் ட்ரேயில் இரண்டு சிம் அட்டை போடலாம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும். 128 ஜிபியில் சிஸ்டமே 20 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 4கே 30 வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 எம்பி. கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்தால் ஒரே வருடத்தில் இடம் தீர்ந்துவிடும். கார்டு வாங்கும்போது ‘வி30’ முத்திரை பார்த்து வாங்குங்கள், மெதுவான கார்டில் 4கே பதிவு நடுவில் நின்றுபோகும். பிக்சலில் கார்டுக்கு வழியே இல்லாததால், அதிகம் வீடியோ எடுப்பவர்கள் 256 ஜிபி மாடலுக்குத்தான் போக வேண்டும்.

கீழே விழுந்தால்? ஏ55-ன் இரு பக்கமும் கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ். பிக்சலின் முன்பக்கம் 2013-ல் வந்த கொரில்லா கிளாஸ் 3. இந்த விலையில் இது ஏற்கத்தக்கதல்ல, டெம்பர்டு கிளாஸ் ஒட்டாமல் பயன்படுத்தாதீர்கள். ஆனால் அதன் பிளாஸ்டிக் முதுகு உடையாது. ஏ55-ன் முதுகு கண்ணாடி, உடைந்தால் தனிச் செலவு. தண்ணீருக்கு இரண்டும் ஐபி67 (தூசியையும் தண்ணீரையும் தாங்கும் தர அளவு).

அப்டேட்டில் பிக்சல் வெகுதூரம் முன்னால். அறிமுகத்திலிருந்து 7 ஆண்டுகள், அதாவது 2031 மே வரை. ஏ55-க்கு 4 ஆண்ட்ராய்டு பதிப்புகளும் 5 ஆண்டு செக்யூரிட்டி அப்டேட்டும், 2029-ல் நின்றுவிடும்.

ஆகவே குழந்தைகளைப் படமெடுக்க வேண்டும், ஒரே போனை ஐந்தாறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றால் பிக்சல். வேலைக்காக நாள் முழுக்க வெளியில் அலைபவருக்கும், பெரிய திரையில் படிக்க விரும்பும் பெரியவர்களுக்கும் ஏ55. மிச்சமாகும் பணத்தில் சார்ஜரும் கார்டும் வாங்கிவிடலாம்.

பழைய போனாக வாங்கினால் காசைக் கொடுக்குமுன் இதைப் பாருங்கள். பிக்சலில் செட்டிங்ஸ் போய் ‘அபவுட் போன்’ பகுதியில் பேட்டரி தகவலைத் திறந்தால் சார்ஜ் சுழற்சி (பேட்டரி முழு அளவுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது) எண்ணிக்கை தெரியும். சுமார் 1,000 சுழற்சியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. 600-ஐத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஏ55-ல் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் திரை முழுக்க விட்டு, கீபோர்டு வரும் இடத்திலும் மேல்பட்டையிலும் மங்கல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கக் கேமரா வளையங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா என்று விரல் நகத்தால் தடவியும் பாருங்கள்.