தகவல் உரிமை: மேடைப் பேச்சா, மனு எழுதும் முகாமா?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஊருக்குச் சொல்ல மேடைப் பேச்சு சுலபம். ஒரு மைக், ஒரு மணி நேரம், 200 பேர். காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம் என்பது பதியும். வீட்டுக்குப் போய்ப் பேனா எடுப்பவர்தான் அரிது.

முகாமில் 20 பேருக்கு மேல் சமாளிக்க முடியாது. 10 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். ஆனாலும் நாங்கள் முகாமையே சொல்வோம். ஒவ்வொருவரும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவோடுதான் எழுந்திருப்பார்கள். சறுக்குவது கேள்வியில். "ஏன் சாலை போடவில்லை?" என்றால் உருப்படியான பதில் வராது, "சாலைப் பணி மதிப்பீட்டின் நகல் தருக" என்று ஆவணத்தைக் கேட்க வைக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியை முகாமிலேயே மனுவின் நகலில் குறிக்கச் சொல்லுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.