போட்டாக்ஸ் ஊசிக்கு பல் டாக்டரா, தோல் டாக்டரா?

புதுச்சேரியில் சில பல் கிளினிக் போர்டுகளில் வேர் சிகிச்சை, கிளிப், இம்ப்ளாண்ட் வரிசையில் போட்டாக்ஸ், ஃபில்லர் என்று இரண்டு வரி கூடியிருக்கிறது. "பல் பிடுங்குறவருக்கு நெத்தியில என்ன வேலை?" என்பது ஒரு கட்சி. "தினமும் முகத்துலதானே ஊசி போடுறார்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பிரச்னைக்காகப் போகிறீர்கள் என்று கேட்டால்தான் பதில் வரும்.

பலர் இரண்டு ஊசியையும் போட்டாக்ஸ் என்றே சொல்கிறார்கள். போட்டாக்ஸ் தசைக்கானது: நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கும், 3 முதல் 5 நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழு பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் தானே தளரும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும் ஜெல். போட்டாக்ஸ் தப்பினால் பெரும்பாலும் சில வாரம் கண்ணாடி பார்க்கப் பிடிக்காது. ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகும், கண்ணே போகலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், காலையில் தாடை இறுகி எழுபவர் போக வேண்டிய இடம் பல் டாக்டர்தான். தேய்ந்த பல்லைப் பார்த்து எவ்வளவு நாளாகக் கடிக்கிறீர்கள் என்று மதிப்பிடக்கூடியவர் அவர். ஆனால் அங்கேயும் ஊசிக்கு முன்னால் ஒரு போட்டியாளர் உண்டு: தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு. கெட்டி அக்ரிலிக்கில் 2, 3 மி.மீ. தடிமனில் பல் அளவெடுத்துச் செய்வது. முதல் வாரம் எச்சில் ஊறும், பிறகு பழகிவிடும். கடிப்பதை அது நிறுத்தாது, பல்லைக் காப்பாற்றும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற ரப்பர் கார்டை வாங்கிப் போட்டால் சிலர் அதையே மென்று கூடுதலாகக் கடிப்பார்கள்.

ஊசியும் கடிப்பதை முழுதாக நிறுத்துவதில்லை, கடியின் பலத்தைக் குறைக்கிறது. கன்னத்தின் பின்பக்கம் இருக்கும் மாஸெட்டர் தசையில் பக்கத்துக்கு 20 முதல் 30 யூனிட் என்பது வழக்கமான அளவு. பல்லை இறுக்கச் சொல்லி, தசை புடைக்கும் இடத்தை விரலால் தொட்டு, வாயோரத்திலிருந்து காதுவரை ஒரு கோடு வரைவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் மூன்று நான்கு புள்ளி. முன்பக்கமாகத் தள்ளிப் போட்டால் சிரிப்புத் தசை மாட்டிக்கொண்டு சிரிப்பு கோணும். மருந்து ஆழத்தில் மட்டும் இறங்கி மேல்பகுதி விடுபட்டால், மெல்லும்போது கன்னத்தில் எலுமிச்சை உருள்வது போல ஒரு புடைப்பு வரும். இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் சில யூனிட் கூடுதலாகப் போட்டால் சரியாகும். முகம் ஒல்லியாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஏற்கெனவே தோல் தளர்ந்தவர்களுக்குத் தசை சுருங்கியதும் தாடையோரம் தொங்கவும் செய்யும்.

மெல்லும் பலம் குறையும் என்பதைச் சிலர் முன்கூட்டியே சொல்வதில்லை. கரும்பு விளையும் நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர் மார்கழிப் பாதியில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் பொங்கல் கரும்பைப் பிள்ளைகள் கடிப்பதை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். வாய் திறக்கும்போது 'டொக்' என்று மூட்டுச் சத்தம் வருபவர்களுக்கு இந்த ஊசி பெரிதாக உதவாது. அது மூட்டுக்குள் இருக்கும் வட்டு நகரும் விவகாரம். என் தேர்வு: முதலில் நைட் கார்டு, அதோடும் தசைவலி விடவில்லை என்றால் ஊசி.

சிரித்தால் ஈறு அதிகம் தெரிவதும் பல் டாக்டர் பக்கம்தான். மூக்கோரத்தில் பக்கத்துக்கு இரண்டு யூனிட் சுமார், அவ்வளவே. ஆனால் பல் சின்னதாக இருப்பதாலோ ஈறு வளர்ந்து மூடியதாலோ அப்படித் தெரிந்தால் ஈறைச் சீர்செய்ய வேண்டும், ஊசி வீண். காரணம் உதடா, ஈறா, தாடை எலும்பா என்று பிரித்துச் சொல்லப் பல் டாக்டர்தான் சரியான ஆள்.

நெற்றி, புருவ இடை, கண்ணோரம் என்று மேலே ஏறினால் என் ஓட்டு தோல் டாக்டருக்கு. புருவ இடையில் ஐந்து புள்ளி, மொத்தம் 20 யூனிட் என்பது எளிதாகத் தோன்றும். கண்குழி எலும்பு விளிம்பிலிருந்து 1 செ.மீ. மேலே நிற்காமல் கீழே இறங்கினால் மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவி, ஒரு கண் பாதி மூடியபடி சில வாரம் நிற்கும். நெற்றியில் அளவு கூடினால் புருவமே இறங்கும். தோல் மருத்துவ எம்.டி. படிப்பில் இவை பயிற்சியோடு வருபவை. பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். படிப்பில் அப்படி இல்லை. வாரக் கடைசி வகுப்பில் பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால், எத்தனை பேருக்குத் தன் கையால் போட்டிருக்கிறார் என்று கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: வாய், தாடை, முக அறுவையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவர். முகத்தைத் திறந்து எலும்பு சேர்த்தவருக்கு ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும். பல் டாக்டர்கள் அழகு ஊசி போடலாமா என்ற சண்டையில் தோல் மருத்துவர் சங்கங்கள் எதிர்த்து நின்றாலும், இவருடைய படிப்பில் முக அழகு அறுவை இருக்கிறது. போர்டில் பி.டி.எஸ்ஸா, எம்.டி.எஸ்ஸா, எம்.டி.எஸ். என்றால் எந்தத் துறை என்று பாருங்கள். கிளிப் போடும் துறையும் எம்.டி.எஸ்தான்.

உதட்டு ஃபில்லரில் பல் டாக்டருக்கு ஒரு கூடுதல் மார்க் உண்டு. வாய்க்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி போட்டு வலி தெரியாமல் செய்வது அவருக்குக் கைவந்த கலை. பல் சுத்தம் செய்வது, பல் எடுப்பது போன்றவற்றை ஃபில்லருக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் வாய்க் கிருமி ரத்தம் வழியாக ஜெல்லில் போய் ஒட்டலாம். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

மூக்குக்கு ஃபில்லர் யார் போட்டாலும் ஆபத்து அதிகம். ஊசி போட்டதும் தோல் வெளுப்பது, வலை போல நீலம் பாய்வது, கடுத்து வலிப்பது ஆகியவை குழாய் அடைபட்டதன் அறிகுறி. ஜெல்லைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் 1500 யூனிட் வயல்கள் (சின்ன மருந்துக் குப்பிகள்) பல அந்த அறையிலேயே இருக்க வேண்டும். மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பும் நேரமில்லை. பார்வை மங்கினால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் எதையாவது செய்தாக வேண்டும். கடலூரில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி கோரிமேடு ஜிப்மர் போய்ச் சேருவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். கடலூரில் மூக்கு ஃபில்லர் வேண்டாம் என்பேன்.

யாரிடம் போனாலும் போட்டாக்ஸ் மருந்தைப் பாருங்கள். வயல் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். தானே புயலுக்குப் பிறகு கடலூரில் கரண்ட் எத்தனை நாள் இல்லை என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சாதாரண மின்தடைக்கே ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்று கேட்பது நியாயம். பொடியாக வரும் மருந்தை உங்கள் கண் முன்னால் சலைனில் (உப்பு நீரில்) கலக்கச் சொல்லுங்கள். ஊசி குத்தியதும் வயலின் வெற்றிடம் சலைனைத் தானாக உள்ளே இழுக்கும். இழுக்கவில்லை என்றால் அந்த வயல் கெட்டது என்று ஒதுக்க வேண்டும்.

100 யூனிட் வயலில் 2.5 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். 100 கோடு உள்ள 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் 50-ஆம் கோடு வரை இருந்தால் 20 யூனிட். அதே வயலில் 5 மி.லி. ஊற்றியிருந்தால் அதே 50-ஆம் கோட்டில் 10 யூனிட்தான். 'ஒரு இடத்துக்கு இவ்வளவு' என்று விலை சொல்பவரிடம் எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குவது இதற்காகத்தான். பிராண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டின் யூனிட்டும் போட்டாக்ஸ் யூனிட்டும் ஒன்றல்ல. முன்னது இரண்டரை, மூன்று மடங்கு எண்ணிக்கையில் வரும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்குப் போட்டாக்ஸ் கூடாது. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி ஓடிக்கொண்டிருந்தால் சொல்லிவிட வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்குப் போடுபவர்கள் ஆடி தொடக்கத்திலேயே போட்டால், 14-ஆம் நாள் திரும்பிப் போய் ஏறிய புருவத்தையோ கோணிய சிரிப்பையோ காட்டிச் சரிசெய்ய நாள் மிச்சமிருக்கும். அந்த 14-ஆம் நாள் பார்வைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.