சின்ன அறைக்கு எந்தக் கம்ப்யூட்டர் மேசை? மலைநாட்டு ஈரத்தையும் கணக்கில் எடுத்து ஓர் அலசல்

கொழும்பில் மேசை வாங்குகிறவர் விலையையும் இடத்தையும் பார்த்தால் போதும். நமக்கு ஈரமும் ஒரு கணக்கு. கடையில் பளபளவென்று நிற்கிற மேசை, ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஒரு மழைக்காலம் கழித்து எந்தக் கோலத்தில் நிற்கும் என்பதைத்தான் இந்த அலசலில் முதலில் பார்க்கிறேன். விலை அதற்கு அப்புறம்.

முதலில் அளவு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான பழைய லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. கட்டில், அலுமாரி, மூலையில் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் போக, சுவரோரம் மூன்று அடி மிஞ்சினால் பெரிய விஷயம். தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த 550 சதுர அடி புது வீடுகளிலும் படுக்கையறை ஒன்றும் விசாலமில்லை. அதனால் 36 அங்குல அகலம், 20 அங்குல ஆழம் என்று ஒரே அளவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பிடுகிறேன். ஒரு லெப்டொப், பக்கத்தில் ஒரு கொப்பி, ஒரு தேத்தண்ணிக் கோப்பை, இதற்கு அது போதும். தனி மொனிட்டர் வைப்பவருக்கும் 20 அங்குல ஆழம் இருந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கை நீளம் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் கதிரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பின்னால் கட்டில் இருக்கும். பணத்தில் என் உச்சவரம்பு 20 ஆயிரம் ரூபாய், ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்து.

மேசை எங்கே நிற்கப் போகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நம் பக்கத்தில் அதை முடிவு செய்வது பெரும்பாலும் சிக்னல்தான். ஒரு மூலையில் நான்கு கோடு காட்டும் ஃபோன், இரண்டு எட்டு தள்ளினால் ஒன்றும் காட்டாது. சிக்னல் இருக்கிற மூலை கிடைத்ததும் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தகரக் கூரையில் ஆணி போகும் வரிசைக்கு நேர் கீழே மேசை வேண்டாம். ஒழுக்கு இல்லாவிட்டாலும் குளிர் இரவுகளில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டும். அந்தச் சொட்டு விழுவது கீபோர்டில்தான்.

கடை மேசை

தளபாடக் கடைகளில் வரிசையாக நிற்பது மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் மேசை. பார்வைக்கு அழகு, வாங்குவதும் சுலபம், பல கடைகளில் தவணைக்கும் கிடைக்கும். மரச்சீவலைப் பசை போட்டு அழுத்தி, மேலே மெலமைன் தாள் ஒட்டிய பலகை அது. மேல்பக்கத்தில் தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் மட்டும் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

கடையில் மேசையைச் சாய்த்து அடிக்காலைப் பாருங்கள். முன்விளிம்பு, பக்கவிளிம்பு எல்லாவற்றுக்கும் பட்டி ஒட்டியிருப்பார்கள். தரையைத் தொடும் விளிம்பை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அப்படியே விட்டிருப்பார்கள். நம் வீட்டுச் சிமெந்துத் தரையோ மழை மாதங்களில் காலை வேளையில் ஈரமாகத்தான் இருக்கும். கூட்டித் துடைக்கும் தண்ணீரும் அங்கேதான் போகும். அதனால் இந்த மேசை முதலில் பழுதாவது கீழிருந்துதான். வாங்கியே தீர வேண்டுமென்றால், பூட்டுவதற்கு முன் அந்த அடிவிளிம்புக்கு இரண்டு பூச்சு எனாமல் பெயின்ட் அடியுங்கள். அரை அங்குல உயரத்துக்குப் பிளாஸ்டிக் குமிழ் கால்களும் அடித்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம், மேசையின் ஆயுள் கணிசமாகக் கூடும்.

இன்னொரு குறை, கழற்றிப் பூட்ட முடியாதது. சிப்போர்டில் ஒருமுறை போட்ட ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போட்டால் பிடிப்பு குறையும், மூன்றாம் முறை சும்மா சுற்றும். வீடு மாற வாய்ப்பு உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கீபோர்ட் வைக்க இழுக்கும் தட்டு உள்ள மாடலைத் தவிர்ப்பது நல்லது என்பேன். சின்ன மேசையில் அந்தத் தட்டு மூன்று நான்கு அங்குலத்தைத் தின்றுவிடும், முழங்கால் இடிக்கும். லெப்டொப்காரருக்கு அது தேவையே இல்லை.

ஒன்லைன் மேசை

இரும்புக் கால், மேலே ஒரு பலகை, பெட்டிக்குள் பிரித்து வரும் மேசை. கால் இரும்பு என்பதால் ஈரக் கணக்கில் கடை மேசையை விட இது ஒரு படி மேல். ஆனால் படத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, அளவைச் சென்டிமீட்டரில் வாசியுங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பல 80க்கு 40. நாற்பது சென்டிமீட்டர் என்றால் 16 அங்குலம்கூட இல்லை. அதில் பாதியை மொனிட்டரின் கால் எடுத்துக்கொள்ளும், கீபோர்ட் உங்கள் மடியில் இருக்கும். 100க்கு 50 கிடைத்தால் பார்க்கலாம்.

விநியோகமும் ஒரு பாடு. தோட்டத்து வீடு என்றால் பெட்டியை வீட்டு வாசலில் கொண்டு வந்து தருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. பிரதான பாதைச் சந்திக்கு வரச் சொல்லலாம், டவுனில் வந்து எடுக்கச் சொல்லலாம். அங்கிருந்து ஆட்டோக் கூலி உங்கள் கணக்கு. ஓடர் போடும் முன் அதையும் கூட்டிப் பாருங்கள், பல நேரம் மலிவு மலிவாக இருக்காது.

தச்சு பாஸிடம் சொல்லிச் செய்வது

மலைநாட்டில் மர மேசை என்றால் பெரும்பாலும் கிராண்டிஸ். தோட்டங்களின் ஓரத்தில் நெடுநெடுவென்று நிற்கும் யூக்கலிப்டஸ் வகைதான் அது. இளஞ்சிவப்பு நிறம், கனம், உறுதி. நன்றாகக் காய்ந்த கிராண்டிஸில் செய்த மேசை உங்கள் பிள்ளைக்கும் உதவும். சிக்கல் அந்தக் காய்ந்த என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒரு அங்குலப் பலகை காற்றில் காய மாதக்கணக்கு வேண்டும், மழைச் சீமையில் இன்னும் கூட. அவசரத்துக்குப் பச்சை மரத்தில் செய்தால் பலகை முறுக்கும், இணைப்பு விடும், லாச்சி இறுகும். பலகையைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 20 அங்குலத்துக்கு ஒரே அகலப் பலகை கேட்காதீர்கள். நான்கைந்து துண்டை ஒட்டிச் சேர்த்ததுதான் வளையாமல் நிற்கும்.

பைனஸ் இலேசு, இழைக்க சுலபம், முடிச்சு அதிகம், மேசைக்கு மோசமில்லை. அல்பீசியா வேண்டவே வேண்டாம். மலிவு என்று எடுத்தால் கொஞ்ச நாளில் மேசைக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கும், வண்டு உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். மஹோகனி, தேக்கு, பலா எல்லாம் என் உச்சவரம்புக்கு வெளியே. ஆனால் இடித்த பழைய வீட்டுக் கதவுப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் அது, இனி வளைய மாட்டேன் என்று சொல்லும்.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினைக்குத் தோட்டத்திலேயே மருந்து இருந்தது. தேயிலை ஏற்றுமதியான பிளைவுட் பெட்டி. அதன் பலகையில் தட்டும் தடுப்பும் புத்தக ராக்கையும் அடிக்காத லயம் இல்லை. தேயிலை கடதாசிச் சாக்குக்கு மாறியதும் அந்தப் பலகையும் போய்விட்டது.

வெல்டிங் கடைக் கால்

என் தெரிவு இதுதான். டவுனுக்கு டவுன் கேற்றும் ஜன்னல் கிரில்லும் அடிக்கும் வெல்டிங் கடை இருக்கிறது, மேசைக் கால் அடித்துத் தாருங்கள் என்றால் யாரும் மாட்டேன் என்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு அங்குல பாக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய், 20 அடி நீளமாக வரும், அதாவது 240 அங்குலம். 28 அங்குலக் கால் நான்கு, 112. மேல் சட்டம் 36, 36, 20, 20, அதுவும் 112. மொத்தம் 224. மிச்சம் 16 அங்குலம். அதை எட்டு எட்டாக இரண்டாக வெட்டிப் பின்கால்களுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் குறுக்காக வைத்து ஒட்டினால் பக்கவாட்டு ஆட்டம் அடங்கும். ஒரே ஒரு பார், வீண் இல்லை. கூலியும் பெயின்டும் சேர்த்தாலும் இது கடை மேசைக்குக் கீழேதான் முடியும் என்பது என் மதிப்பீடு.

ஒட்டின இடங்களைத் தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சு அடித்து, அதற்கு மேல்தான் நிறம் அடிக்க வேண்டும். அவசரத்தில் கறுப்பு பெயின்டை நேராக அடித்துக் கொடுப்பார்கள், அடுத்த மழைக்கு வெல்டிங் மூட்டில் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கும். காலின் அடித்துளைக்கு ரப்பர் மூடி கட்டாயம். இல்லாவிட்டால் ஈரம் குழாய்க்குள் ஏறி உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியில் தெரியாது.

மேலே எந்தப் பலகையும் போடலாம். கதவுப் பலகை, கிராண்டிஸ், மெலமைன் எதுவும். மெலமைன் போட்டாலும் பயமில்லை, தரையோடு அதற்குத் தொடர்பே இல்லை. பலகை கெட்டால் பலகையை மட்டும் மாற்றலாம். இந்த வசதி கடை மேசையில் இல்லை. ஒன்லைன் மேசையிலும் பலகையை மாற்றலாம்தான், ஆனால் கால் அவர்கள் அளவில் இருக்கும், உங்கள் மூலையின் அளவில் இருக்காது.

சுவரில் மடக்கும் பலகை

இட மிச்சத்தில் இதை எதுவும் வெல்ல முடியாது. வேலை முடிந்ததும் மடக்கினால் காம்பரா பழையபடி ஆகிவிடும், இரவில் பாய் விரிக்கலாம். ஆனால் கேள்வி மேசையைப் பற்றியது இல்லை, சுவரைப் பற்றியது. பழைய லயத்துச் சுவர் பல இடங்களில் கல்லும் சுண்ணாம்புக் கலவையும். துளை போட்டால் கல்லில் பட்டு ட்ரில் நின்றுவிடும், இல்லையென்றால் கலவை உதிர்ந்து விரல் போகிற ஓட்டை ஆகிவிடும். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ரோல் பிளக் அதில் பிடிக்காது. புது வீட்டுச் சிமெந்துக் கல் சுவரில் பிடிக்கும், கல் உள்ளீடற்றதாக இருந்தால் அங்கேயும் கவனம்.

பலகை 18 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் முனைக்கும் 6 அங்குல இடைவெளி. விளிம்பில் 10 கிலோ அழுத்தினால் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து 30 கிலோ பலத்தில் இழுக்கும். முழங்கையை ஊன்றி எழுந்தாலே 10 கிலோவைத் தாண்டிவிடும். எனவே 12 அங்குலத்துக்குக் குறையாத உயர பிராக்கெட் எடுங்கள், இழுவை பாதியாகும். சந்தேகமான சுவர் என்றால் இரண்டு மரக்கட்டையைத் தரையிலிருந்து சுவரோடு ஒட்டி நிறுத்தி, பிராக்கெட்டை அந்தக் கட்டையில் அடியுங்கள். பாரம் தரைக்குப் போய்விடும், கட்டை முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டும்தான் சுவரின் வேலை.

பாவித்த மேசையும் பிளாஸ்டிக்கும்

மூடிய கொமினிகேஷன் (ஃபோன், ஃபோட்டோகொப்பி) கடைகளிலும் டியூஷன் இடங்களிலும் பழைய கம்ப்யூட்டர் மேசை மலிவாக வரும். பெரும்பாலும் அவை பழைய குண்டு மொனிட்டர் காலத்து மேசை. ஆழம் 24 அங்குலத்துக்கு மேல், பக்கத்தில் சீபியூ வைக்கக் கூடு வேறு. சின்ன அறைக்கு அது மேசை இல்லை, இன்னொரு அலுமாரி. எடுப்பதென்றால் அடிக்காலை நகத்தால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்றால் நகர்ந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் மேசையைப் பற்றி யாரும் பெருமையாகப் பேச மாட்டார்கள். ஆனால் வட்டவளை, கினிகத்தேனை மாதிரி ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் மழை சர்வசாதாரணமான இடத்தில், லெப்டொப் மட்டும் வைப்பவருக்கு அது போதும். ஊதாது, துருப்பிடிக்காது, வண்டு அரிக்காது. கொஞ்சம் ஆடும், சுவரோடு ஒட்டி வையுங்கள்.

இடத்துக்கு இடம் பதில் மாறுவதும் அதனால்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவைத்தான் அடிக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் என்றால் இரும்புக் காலை விட்டு வேறெதற்கும் போக மாட்டேன். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்த காற்று. அங்கே காலுக்குப் பெயின்ட் அடித்த கடை மேசையும் தாக்குப்பிடிக்கும், தவணை வசதி தேவைப்படுகிறவர் அதை எடுப்பதில் தப்பில்லை.

மெலமைன் பலகையை வாங்கி வெட்டுவிப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு முழுப் பலகை 8க்கு 4 அடி. அதை 20 அங்குல அகலத்தில் இரண்டு பட்டியாக வெட்டினால், ஒவ்வொரு பட்டியிலும் ஒரு 36 அங்குல மேல்பலகையும் இரண்டு 28 அங்குலப் பக்கப்பலகையும் வரும், 96இல் 92 போய்விடும். மிச்சமாகும் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பட்டியை இரண்டாக வெட்டினால் பின்குறுக்குப் பலகை ஆகும். ஆக ஒரு பலகையில் இரண்டு மேசை. பக்கத்துக் காம்பராவிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் பேசிப் பாருங்கள், பலகை விலையும் வெட்டுக்கூலியும் லொறிக் கூலியும் பாதியாகும்.

வெல்டரிடமோ பாஸிடமோ போகும்முன் உட்காரப் போகிற கதிரையை அளந்துகொள்ளுங்கள். உட்காரும் இடத்திலிருந்து 11 அங்குலம் மேலே மேசைப் பலகை வந்தால் கை இயல்பாக இருக்கும். 17 அங்குலக் கதிரைக்கு 28, அதற்குத் தக்கபடி பலகைக் கனத்தைக் காலில் கழிக்கச் சொல்லுங்கள். அளவை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள், அங்குலமா சென்டிமீட்டரா என்பதையும் சேர்த்து.