ஒரு தொகை நிரலா, இரு நிரல்களா, ஓஎஃப்எக்ஸ் கோப்பா? வங்கிக் கூற்றை மென்பொருளில் ஏற்றும் வழிகள்

மார்ச் 31 உடன் நிதியாண்டு முடிந்ததும், யாழ்ப்பாணத்தில் நான் கணக்குப் பார்க்கும் கடைகளிலிருந்து பன்னிரண்டு மாத வங்கிக் கூற்றுகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அவற்றைக் கணக்கு மென்பொருளில் ஏற்றும்போது, கோப்பின் எந்த நிரல் (மேலிருந்து கீழான வரிசை) மென்பொருளின் எந்தப் புலத்துக்கு உரியது என்பதை நாமே காட்ட வேண்டியிருக்கிறது.

குயிக்புக்ஸ் ஆன்லைன் என்ற கணக்கு மென்பொருள், நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய அட்டவணைக் கோப்பான சிஎஸ்வியை இரு வடிவங்களில் ஏற்றுக்கொள்கிறது. திகதி, விபரம், தொகை என மூன்று நிரல்கள் கொண்டது ஒன்று. தொகையை வைப்பு, மீளப்பெறுகை என இரண்டாகப் பிரித்து நான்கு நிரல்கள் கொண்டது மற்றையது. முதலாவது எளிமையாகத் தோன்றினாலும், கழித்தல் குறியை மட்டுமே நம்பி நிற்கிறது. தொகைகளையெல்லாம் குறியின்றித் தந்து, பக்கத்து நிரலில் 'டிஆர்' (டெபிட்), 'சிஆர்' (கிரெடிட்) என்று மட்டும் எழுதியுள்ள கோப்பை அப்படியே பொருத்தினால், கொடுத்த காசோலைகளும் வருமானமாகவே பதியும்.

ஆகவே நான் இரு நிரல்களையே விரும்புகிறேன். எனினும் அதில் தமிழில் படித்தவர்களுக்கு உரிய ஒரு தடுமாற்றம் உண்டு. எங்கள் பாடநூல்களில் 'வரவு' என்பது டெபிட். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ அதே சொல் கிரெடிட்டைக் குறிக்கும். இதற்கு மேலாக, வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதுவதால், நாம் வைப்பிலிட்ட பணம் அதன் கூற்றில் கிரெடிட்டாகவும், எமது பேரேட்டின் வங்கிக் கணக்கில் டெபிட்டாகவும் நிற்கும். நிரலின் பெயரைப் பாராமல், பணம் உள்ளே வந்ததா வெளியே போனதா என்று பார்த்தே பொருத்த வேண்டும். ஆரம்ப மீதியுடன் வைப்புகளைக் கூட்டி, மீளப்பெறுகைகளைக் கழித்தால் இறுதி மீதி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

1997 இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகியன சேர்ந்து வெளியிட்ட, நிதித் தரவைப் பரிமாறுவதற்கான கோப்பு வடிவமான ஓஎஃப்எக்ஸில் இந்தப் பொருத்தும் வேலையே இல்லை. 05/06/2025 என்பதை ஜூன் 5 என்று எழுதியிருக்க, மென்பொருள் மே 6 என்று வாசிக்கும் ஆபத்து சிஎஸ்வியில் உண்டு. 13 ஆம் திகதிக்கு முந்திய பதிவுகளில் அது எந்த எச்சரிக்கையும் தராது. ஓஎஃப்எக்ஸிலோ அத்திகதி 20250605 என்றே இருக்கும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி அடையாள எண் இருப்பதால், அதே மாதத்தை மறுபடி ஏற்றினாலும் க்னூகாஷ் போன்ற மென்பொருள் அதை அடையாளம் கண்டுகொள்ளும். வங்கி நேரடியாக ஓஎஃப்எக்ஸ் தருமானால், தயங்காமல் அதையே எடுக்கலாம். ஆனால் சிஎஸ்வியை ஒரு மாற்றுக் கருவியால் ஓஎஃப்எக்ஸ் ஆக்கினால், அடையாள எண்ணை உருவாக்குவது அந்தக் கருவியே. வங்கி தரும் உறுதி அதில் இல்லை. நிரலைத் தவறாகப் பொருத்தும் ஆபத்தும் அந்தக் கருவிக்குள் இடம் மாறுகிறதே தவிர நீங்குவதில்லை.

ஆகவே நேரடி ஓஎஃப்எக்ஸ் கிடைக்காதபோது, அதாவது எனக்கு வரும் பெரும்பாலான கோப்புகளுக்கு, வங்கிக்கு ஒன்றாகச் சேமித்து வைத்த பொருத்த அமைப்புடன் நான்கு நிரல் சிஎஸ்வியையே பயன்படுத்துகிறேன். கோப்பை முதலில் எக்ஸெலில் திறந்து சேமிப்பதில்லை. ஒரு முறை அப்படிச் செய்ததில் 000457 என்ற காசோலை இலக்கம் வெறும் 457 ஆகி, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு இணங்க மறுத்தது. சிஎஸ்வியில் அடையாள எண் இல்லாததால், முந்திய ஏற்றம் நின்ற திகதியைக் குறித்துவைத்து, அடுத்த நாளிலிருந்தே புதிய கோப்பைத் தரவிறக்குகிறேன்.