கண்காணிக்காத ஒரு துணை: ஏடிஎச்டி உள்ளவர் பார்வையில் ஃபோகஸ்மேட்

ஃபோகஸ்மேட் என்பது முன்பின் அறியாத இருவரைக் காணொளி அழைப்பில் இணைத்து, குறித்த நேரம் வரை அவரவர் வேலையை அவரவர் செய்வதற்கு வழிசெய்யும் இணையச் சேவை. டெய்லர் ஜேக்கப்சன் தொடங்கிய இச்சேவையில் 25, 50, 75 நிமிடங்கள் என மூன்று அளவுகளில் அமர்வுகள் உண்டு. நாட்காட்டியில் ஒரு நேரத்தைத் தேர்ந்து முன்பதிவு செய்தால், அதே நேரத்தைத் தேர்ந்த வேறொருவருடன் சேவையே நம்மைச் சேர்த்துவிடும். வாரத்துக்கு மூன்று அமர்வுகள் வரை கட்டணம் இல்லை. இது ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சார்ந்த மூளை வளர்ச்சி வேறுபாடு, உள்ளவர்களுக்கென்று மட்டும் உருவாக்கப்பட்டதன்று. ஆயினும் வளர்ந்த பிறகு ஏடிஎச்டி கண்டறியப்பட்ட என்னைப் போன்ற பலர் இதை நாடி வருகிறார்கள். பிறருடைய துணை என்ற வகையில் இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் நன்றாகவே தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் தொடங்குவதும், தொடங்கியதைக் கைநழுவ விடாமல் முடிப்பதும்தான் சிக்கல். இத்துறையில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருக்கிறார். அறிந்ததைச் செயலாக்குவதில்தான் தடை இருக்கிறது என்பதால், உதவி முன்கூட்டிய அறிவுரையாகவோ பிந்தைய கண்டிப்பாகவோ வந்து பயனில்லை. வேலை நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் வர வேண்டும் என்பது அவர் கருத்து. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. பிடித்த வேலையில் மணிக்கணக்கில் மூழ்கிவிடும் ஒருவர், ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய மின்னஞ்சலை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அது மெத்தனமாகத்தான் தெரியும். "மனசு வைத்தால் உன்னால் முடியாதா?" என்ற கேள்வியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, உதவி கேட்பதே கூச்சமும் அச்சமும் கலந்த காரியமாகிவிடுகிறது.

ஃபோகஸ்மேட்டின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓர் அமர்வை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பம் ஒன்று நெடுநாளாக என் மேசையில் கிடந்தது. அன்று எனக்கு இணையாக அமைந்தவர் துவைத்த துணிகளை மடித்து வைக்கப்போவதாகச் சொன்னார். மேசை வேலைக்கென்றும் நடமாடியபடி செய்யும் வேலைக்கென்றும் தனித்தனியே தெரிவு செய்துகொள்ளச் சேவையில் வசதி இருக்கிறது. நான் விண்ணப்பத்தை முடிக்கப்போவதாகச் சொன்னதும், "முதலில் எதை எடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவது என்று சொன்னபோதுதான், அத்தனை நாள் மலைப்பாக நின்ற வேலைக்கு ஒரு தொடக்கம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. பிறகு இருவரும் ஒலியை அணைத்துவிட்டோம். சில நிமிடங்களில் கை தானாகக் கைபேசியை நோக்கிப் போயிற்று. திரையின் ஓரத்தில் அவர் ஒரு தலையணை உறையை உதறி நான்காக மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கை ரசீதுகளுக்கே திரும்பிவிட்டது. முடிவில் ரசீதுகள் அடுக்கப்பட்டு, விண்ணப்பத்தின் முதல் பக்கம் நிரம்பியிருந்தது. அதைச் சொன்னேன். அவரும் காலுறைகளுக்கு இணை தேடும் வேலை பாக்கி என்றார். அவ்வளவுதான், ஏன் முழுவதும் முடியவில்லை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதே விதமாக வீட்டில் உள்ள ஒருவர் அருகில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்கலாம். பலருக்குப் போதும், அது வாய்த்தவர்களுக்கு இச்சேவையே தேவையில்லை. ஆனால் நெருங்கியவர்களுடன் நமக்கு ஒரு முன்கதை இருக்கிறது. மறந்துபோன பிறந்தநாளும், கட்டத் தவறிய கட்டணமும், பாதியில் நின்ற வாக்குறுதிகளும் அவர்களோடு சேர்ந்தே அந்த அறைக்குள் வந்துவிடுகின்றன. அவர்கள் அக்கறையோடு "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாலும் நம் காதில் அது விசாரணையாகவே விழுகிறது. பழைய கணக்கு எதுவும் இல்லாத அந்நியர் முன்னால் அந்தப் பாரம் இல்லை. துணை தேவை, மேற்பார்வை தாங்க முடியவில்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. இச்சேவையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணமும் அதுவே.

குறைகள் இல்லாமல் இல்லை. நேர உணர்வு தடுமாறுவது ஏடிஎச்டியின் மையமான இயல்புகளுள் ஒன்று. முன்பதிவு செய்த நேரத்தில் வந்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் மேல் நிற்கும் சேவையோ வருகைப் பதிவை ஒரு மதிப்பெண்ணாகக் காட்டுகிறது. எதிரே காத்திருப்பவருக்கு மரியாதை தருவதற்கு அது வேண்டியதுதான் என்பதை ஏற்கிறேன். இருந்தாலும், பள்ளி நாட்களிலிருந்து மதிப்பெண்ணைக் கண்டு சுருங்கியவர்கள் சோர்ந்திருக்கும் நாளில் அந்த எண்ணைப் பார்க்க நேர்வது நல்லதன்று. முகம் காட்டிப் பேசுவதில் களைப்படைகிறவர்களுக்கும் இது கடினம். பேசாமல் எழுத்தில் மட்டும் வணக்கம் சொல்லித் தொடங்கும் அமைதி முறை இருப்பதை அவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது உதவும். உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு வரி பேச முடிந்தால் போதும்.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியமானது. இச்சேவை உடனிருப்பைத் தருகிறது, புரிதலைத் தருவதில்லை. தருவதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு பணியைத் தொடங்க முடியாமல் தவித்ததன் பின்னால் இருக்கும் வெட்கம், வேலை போய்விடுமோ என்ற பயம், துணைவரோடு மூளும் சச்சரவு ஆகியவற்றைப் பற்றி 50 நிமிட அமர்வில் பேச முடியாது. அதற்கு ஏடிஎச்டி உள்ளவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களே ஏற்றவை. அமெரிக்காவில் 1987-இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய சாட் (CHADD) என்ற ஏடிஎச்டி ஆதரவு அமைப்பு போன்றவை நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வருகின்றன. வளர்ந்தவர்களுக்கும் ஏடிஎச்டி உண்டு என்பதே வெகுநாள் வரை போதிய கவனம் பெறவில்லை. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடுதான், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்றும், அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அதற்கு முன்பு அந்த வயது வரம்பு ஏழாக இருந்தது. துள்ளலும் ஓட்டமும் இல்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்ததால் யார் கண்ணிலும் படாமல் போன சிறுமிகள் பலர், நாற்பது வயதில்தான் தங்களுக்கு இருப்பது என்ன என்று அறிகிறார்கள். அத்தனை ஆண்டுகள் தன்னைச் சோம்பேறி என்று நம்பிய ஒருவர், அதே அனுபவம் உள்ள இன்னொருவர் பேசக் கேட்கும்போது கிடைக்கும் ஆறுதலுக்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இதை மருந்துக்கு மாற்றாகக் கருதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துகளும் அறிதல் நடத்தைச் சிகிச்சையும் முறையான ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவை. இன்னொருவர் உடனிருக்க வேலை செய்யும் முறையோ பெரிதும் பயன்படுத்தியவர்களின் அனுபவத்தைச் சார்ந்து நிற்கிறது. மருந்து நன்றாக வேலை செய்யும் நாளிலும் எனக்கு இவ்வமர்வுகள் பயன்படுகின்றன.

குடும்பத்தில் ஏடிஎச்டி உள்ளவரோடு வாழ்பவர்களுக்கும் இச்சேவையிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அமர்வின் ஒழுங்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரலாம்: என்ன செய்யப்போகிறோம் என்று இருவருமே சொல்வது, இருவருமே தத்தம் வேலையைச் செய்வது, முடிவில் நடந்ததை மட்டும் சொல்லிக்கொள்வது. இருவரும் சொல்ல வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஒருவர் மட்டும் கணக்கு ஒப்பிக்க நேர்ந்தால் அது மீண்டும் கண்காணிப்பாகிவிடும். இடையில் நினைவூட்டாமல் இருப்பது அன்புள்ளவர்களுக்குக் கடினம் என்பதை அறிவேன். என் வீட்டில் அது பழக்கத்துக்கு வர மாதங்கள் ஆயின. வந்த பிறகு மாலை நேரங்களில் எங்கள் பேச்சின் தொனியே மாறியிருக்கிறது.

புதிதாகச் சேர்பவர்கள் 25 நிமிட அமர்விலிருந்து தொடங்குவது நல்லது. ஒத்துப்போகிறவர்களை விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், பின்னர் அவர்களுடனேயே அமர்வுகளை அமைத்துக்கொள்ளலாம். கட்டணமில்லாத மூன்று அமர்வுகளை ஒரே நாளில் தீர்த்துவிடாமல், வாரத்தில் நீங்கள் மிகவும் தள்ளிப்போடும் மூன்று வேலைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.